காந்தத்தின் பலமும் கடைக்காரர் சொல்லும்

மளிகைக் கடைக்கும் மின்சார கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

நம் ஆரணியில் தறி நெய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன், திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பவன். பாவு பிணைத்த கூலியைச் சேர்த்து வைத்து வெளியூர்க் கடை ஒன்றில் கிடார் வாங்கினான். "பவர் அதிகமான காந்தம் தம்பி, பிரமாதமாக இருக்கும்" என்றார்களாம். ஒலி உரக்கத்தான் வந்தது. பழைய பாடல்களுக்கு வேண்டிய மென்மையும் குழைவும் வரவில்லை. திருப்பிக் கேட்கப் போனால், பில்லில் 'கிடார் 1' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் பொருளைச் சொல்லவும் இல்லை.

கிடாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்ற பாகம் உண்டு. அதில் ஒரு காந்தமும், தலைமயிர் போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய காயிலும் இருக்கின்றன. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காயிலில் சிறு மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது.

நம் ஊர் அரிசி ஆலைகளில் நெல்லோடு வரும் ஆணியையும் கம்பித் துண்டையும் பிடிக்கக் காந்தம் வைக்கிறார்கள். அங்கே இழுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. கிடாரில் அப்படியல்ல. பலமான காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் கம்பியையே பிடித்து இழுக்கும். நாதம் நீளாது, சுருதியும் பிசகும்.

அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு சேர்த்துச் செய்வது அல்னிகோ காந்தம். அதில் 2ஆம் எண் பொதுவாக மென்மையான ஒலிக்கும், 5ஆம் எண் பளிச்சென்ற ஒலிக்கும் பெயர் பெற்றவை. இரும்பு ஆக்சைடை முதன்மையாகக் கொண்டு செய்யும் செராமிக் காந்தம் விலை குறைவு. உரத்த, கூர்மையான ஒலிக்கு அதையே விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. 1978இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை ஏறியபோது, ஒலிபெருக்கி செய்தவர்கள் பலர் அல்னிகோவை விட்டுச் செராமிக்குக்கு மாறினார்கள். ஆக, விலை குறைந்தது என்பதால் மட்டமென்று ஆகாது. காயிலின் சுற்றும், கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியும் மாறினாலும் ஒலி மாறும். எனவே 'அல்னிகோ' என்ற பெயரை மட்டும் காட்டி விலை ஏற்றுவதும் சரியல்ல.

இனி நம் கடைக்கு வருவோம். அரிசி கேட்டு வருபவரிடம் நல்ல மளிகைக்காரர் முதலில் என்ன கேட்கிறார்? "சாப்பாட்டுக்கா, இட்லிக்கா, பொங்கலுக்கா?" என்றுதானே? பிறகு பழையதா புதியதா என்று சொல்லி எடுத்துக் கொடுக்கிறார். பட்டுக் கடையிலும் அசல் ஜரிகையா, போலி ஜரிகையா என்று சொல்லி விற்பவரிடமே அடுத்த கல்யாணத்துக்கும் வருகிறார்கள். அந்தக் கிடார்க் கடையில் "எந்த மாதிரிப் பாட்டுக்குத் தம்பி?" என்ற ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், ஒரு பையனின் பல மாதக் கூலி வீணாகியிருக்காது, அந்தக் கடையும் ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்காது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. பில் தருவதோடு நின்றுவிடாமல், சரக்கின் ரகத்தையும் அதில் எழுதிக் கொடுப்பது நமக்கும் பாதுகாப்பு. 'ஸ்பெஷல்', 'பவர்', 'நம்பர் ஒன்' என்ற சொற்களைக் குறைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைச் சொல்லி விற்போம் என்று உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.