நடந்தால் மாத்திரை வேண்டாமா?

“சுகரா? தினமும் ஒரு மணி நேரம் நடங்க, மாத்திரையைத் தூக்கிப் போடுங்க.” பூங்காவிலும் வாட்ஸ்அப்பிலும் இந்த யோசனை இலவசமாகக் கிடைக்கிறது. சொல்பவர்கள் காரணங்களையும் கையோடு வைத்திருக்கிறார்கள்.

உடற்பயிற்சியும் மருந்தும் சமம் என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாம். அப்படிப் பேசப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாசி, அயோனிடிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 305 பரிசோதனைகளைத் தொகுத்து 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. இதயநோயாளிகளின் உயிரிழப்பைத் தடுப்பதில் பல மருந்துகளுக்கும் உடற்பயிற்சிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். ஆனால் மொத்தம் 3,39,274 பேரில் உடற்பயிற்சி ஆய்வுகளில் இருந்தவர்கள் 14,716 பேர்தான். பக்கவாதம் வந்தவர்களிடம் உடற்பயிற்சி முந்தியது. இதயச் செயலிழப்பிலோ நீர் பிரியும் மாத்திரைகள் முந்தின. இன்னொன்றை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை: இதயநோயாளிகள் பொதுவாக வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான் பயிற்சி செய்தார்கள்.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு (2006) நமக்கு இன்னும் நெருக்கமானது. சர்க்கரைநோயின் வாசலில் நின்ற 531 பேர். எதுவும் செய்யாத பிரிவில் மூன்றாண்டில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் அதை 39 ஆக்கின. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதேதான். இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் இல்லை. நடைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அது நோய் வராதவர்களுக்கான சான்றிதழ். அவர்களிலும், நடந்தும் தப்பாத அந்த 39 பேர் இருக்கிறார்கள். பத்து வருடச் சுகரோடு இருப்பவர் இந்த எண்ணைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. சிறு வயதிலேயே இன்சுலின் சுரப்பு நின்றுபோன முதல் வகை நோயாளிக்கோ இந்தப் பேச்சே ஆபத்து. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

மாத்திரை கிட்னியைக் கெடுக்குமாம். கட்டுக்குள் வராத சுகரும் பிரஷரும்தான் கிட்னியைக் கெடுக்கும் முதன்மைக் காரணங்கள். கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மெட்ஃபார்மினின் அளவைக் குறைப்பார்கள், மிகவும் பழுதானால் நிறுத்துவார்கள். பலரும் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கடைசியாக, “நடக்க ஆரம்பித்ததும் நார்மல் ஆகிவிட்டது, இனி எதற்கு?” தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதன் பிறகும் கொஞ்ச காலம் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். அந்த இணக்கம் ஓரிரு நாளில் கரைந்துவிடும். ஐப்பசி மழையோ மூட்டுவலியோ வந்து நடை நின்றால் சர்க்கரை ஏறும். அதோடு அந்த நார்மலில் மாத்திரையின் பங்கும் இருக்கிறது.

நடப்பவருக்கு மாத்திரை குறையவே குறையாது என்பதில்லை. கிளிமிபிரைடு போன்றவற்றைப் போட்டுக்கொண்டு நன்றாக நடப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, தாழ்சர்க்கரை வரலாம். அவருக்குக் குறைத்தே ஆக வேண்டும். அளவீடுகளைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். இதயத்துக்கும் பிரஷருக்கும் தரும் அடெனலால், மெட்டோப்ரோலால் வகையைத் தானாகத் திடீரென்று நிறுத்தினால், நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பும் வரலாம். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கும் அது பொருந்தும்.