கட்டணமில்லா அட்டையும் கழுத்தை நெரிக்கும் கடனும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது இளைஞர் ஒருவர் ஸலாம் கூறி என் அருகில் வந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று கடன் அட்டைகளை எடுத்துக் காட்டினார். “ஹஜ்ரத், இவற்றுள் எதற்கும் ஆண்டுக் கட்டணம் கிடையாது. மளிகைக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, இணையத்தில் சாமான் வாங்க ஒன்று எனப் பிரித்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு காசும் வட்டி கட்டியதில்லை. வங்கிதான் எனக்குப் பணம் தருகிறது. இதில் குற்றம் என்ன?” என்று கேட்டார்.

குதர்க்கமாகக் கேட்கப்பட்ட கேள்வியன்று அது. ஹலாலைத் தேடும் உள்ளத்திலிருந்து பிறந்த கேள்வி. இன்று நம் இல்லங்கள் பலவற்றிலும் இக்கேள்வி எழுந்து நிற்கிறது. ஆகவே ஆத்திரப்படாமல் ஆராய்ந்து விடை கூறுவதே முறை.

முதலில் கணக்கை நேர்மையாகப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய் செலவிடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாச் செலவுக்கும் நூற்றுக்கு 1 திருப்பித் தரும் ஒரே அட்டையைப் பயன்படுத்தினால் 300 ரூபாய் கிடைக்கும். இணைய வணிகத்திற்கு நூற்றுக்கு 5 தரும் அட்டையைத் தனியே வைத்து, அதில் 10,000 ரூபாய் செலவிட்டு, எஞ்சிய 20,000 ரூபாயைப் பழைய அட்டையில் செலவிட்டால் 700 ரூபாய் கிடைக்கும். ஆண்டுக்கு 8,400 ரூபாய். இது பொய்க் கணக்கு அன்று. ஆயினும் ‘கட்டணமில்லை’ என்னும் சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். 2018இல் வெளிவந்த அமேசான் பே ஐசிஐசிஐ அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. ஆனால் அந்நிறுவனத்திற்குத் தனியே சந்தா கட்டியவர்க்கே அங்கு வாங்கும் பொருளுக்கு நூற்றுக்கு 5 என்றும், மற்றவர்க்கு 3 என்றும் அறிவித்தார்கள். வாசற்கதவில் கட்டணமில்லை, கொல்லைக் கதவில் உண்டு!

இனி, கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். மறதியாலோ, நோயாலோ, சம்பளம் தாமதமானதாலோ ஒரு மாதம் கட்ட இயலாமற் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை என்பது இங்கே சாதாரணமாகக் காணப்படும் வட்டி. 30,000 ரூபாய்க்கு அது 1,050 ரூபாய். அதன்மீது நூற்றுக்கு 18 வீதம் ஜிஎஸ்டி 189 ரூபாய். மொத்தம் 1,239. தாமதக் கட்டணம் வேறு. ஏறத்தாழ இரண்டு மாதப் பரிசு ஒரே மாதத் தவறில் கரைந்துவிடுகிறது. முழுத் தொகையையும் கட்டாவிடில் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று வங்கி அச்சிடுவதைக் கட்டினால் போதும் என எண்ணுவோர் ஏராளம். மூன்று அட்டைகள் என்றால் மூன்று தவணை நாட்கள்; தவறுவதற்கு மூன்று வாசல்கள்.

ஆண்டுக்கு நூற்றுக்கு 30க்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துச் செய்துவிட்டது. அந்த வேலியும் இன்று இல்லை என்பதை நினைவிற் கொள்க.

அப்படியானால் பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது? நம்முள் வணிகப் பெருமக்கள் பலர். கடன் அட்டையைத் தேய்க்கும்போது விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை வங்கி பிடித்துக்கொள்வதை அவர்கள் அறிவார்கள். அந்தச் சுமை பொருளின் விலையில் ஏறுகிறது. ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். ரொக்கம் கொடுப்போரிடமிருந்து அட்டை வைத்திருப்போருக்குச் செல்வம் கைமாறுவதை அமெரிக்காவின் பாஸ்டன் மத்திய வங்கி அறிஞர்கள் 2010இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இதனுடன், தவணை தவறியவர்கள் கட்டும் வட்டியும் அபராதமும் வங்கியின் அதே வருவாயில்தான் சேருகின்றன. பரிசுப் பணம் முழுவதும் வட்டி என்று நான் கூறவில்லை. ஆனால் அதில் எந்தத் துளி எவருடைய கண்ணீர் என்று பிரித்தறிய நம்மால் இயலுமா?

மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். கடன் கொடுத்தவர் கூடுதலாகப் பெறுவதே வட்டி. இங்கே கொடுத்தவரே வாங்கியவருக்கு வலிய வழங்குகிறார். ஆகவே பரிசுத் தொகையைத் தன்னளவில் வட்டி என்று சொல்லிவிட முடியாது. சிக்கல் பரிசில் இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. ‘தவறினால் வட்டி தருவேன்’ என்று அதில் ஒப்புக்கொள்கிறோம். கணக்கில் இருப்புத் தொகையின்றிக் கடனாக வழங்கப்படும் அட்டையில் வட்டி நிபந்தனை இருக்குமாயின், தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் அதனைப் பயன்படுத்துதல் ஆகாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஹிஜ்ரி 1421இல், அதாவது 2000 செப்டம்பரில், ரியாத் நகரில் கூடித் தீர்மானித்தது. தவணை தவறாமல் முழுத் தொகையையும் கட்டுவது உறுதியானால் தேவையை முன்னிட்டுப் பயன்படுத்தலாம் என்று கூறும் உலமாக்களும் இருக்கிறார்கள். இரு சாராரையும் மதிக்கிறோம். ஆனால் அனுமதித்தவர்களின் வாதத்திற்கு அடிப்படை தேவை. மூன்றாவது அட்டைக்கு என்ன தேவை? பரிசை விரும்புவது தேவையாகுமா?

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்குக் கடன் இருப்பதை அறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்க முன்வரவில்லை. சில தீனார்களேயான அக்கடனை அபூ கதாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்பதனால் கடனிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். கடனை இத்துணை அஞ்சிய உத்தம நபியின் உம்மத்து, பரிசுக்காகக் கடனைத் தேடிச் செல்வது பொருந்துமா?

அந்த இளைஞரிடம் நான் கூறியது இதுதான்: “தம்பி, உம்முடைய நிய்யத்தில் நான் ஐயப்படவில்லை. உம்முடைய நாளைய தினத்தைத்தான் அஞ்சுகிறேன். உள்ள பணத்தைக் கொண்டு வாங்க வங்கிக் கணக்கு அட்டை இருக்கிறது, யுபிஐ இருக்கிறது. கணக்கில் உள்ள பணத்தை யுபிஐ வழியே செலுத்தினால் அது கடனாகாது. கடன் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடும். நிலுவையைத் தீர்த்து, அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே 2022இல் விதித்திருக்கிறது. தொழில் நிமித்தம் தவிர்க்கவே இயலாதெனில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளும். முழுத் தொகையும் தவணை நாளில் கணக்கிலிருந்து தானே கழியுமாறு ஏற்பாடு செய்யும். அதைக்கொண்டு ரொக்கம் எடுக்கவே வேண்டாம். அதற்கு அன்றே வட்டி தொடங்கிவிடும்.”

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அந்த 8,400 ரூபாய் போய்விடுமே, ஹஜ்ரத்?” என்றார். மாதம் 700 ரூபாய். வீட்டுச் செலவில் தேவையற்ற பொருள் ஒன்றைக் குறைத்தாலே அது மீண்டுவிடும். அட்டை கையில் இருப்பதாலேயே வாங்கிய பொருட்கள் எத்தனை என்று இல்லத்தரசியிடம் கேட்டால் விடை கிடைக்கும்.

பரக்கத் என்பது பெருகுவதில் மட்டும் இல்லை. நிம்மதியாக உறங்குவதிலும் இருக்கிறது. கடனின் சுமையினின்றும் வட்டியின் நிழலினின்றும் நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.