தங்கக் கட்டையும் நம்ம பட்டறையும்

1979 முதல் 1981 வரை, ஜெர்மனியின் ஹோஹென்வெஸ்டெட் ஆலையில் 25 ஆண்டு உழைத்தவர்களுக்கு லெகோ கம்பெனி 14 காரட் தங்கத்தில் பொம்மைக் கட்டை பரிசளித்தது. சேகரிப்பவர்கள் இன்றும் அதற்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். "ஏங்கண்ணு, வெளையாட்டுச் சாமானுக்கா இத்தனை காசு?" என்று எங்க அப்பிச்சி சிரிச்சாரு.

எனக்குத் தங்கம் பெரிசாத் தெரியலை. 1958-ல் வந்த சாதாப் பிளாஸ்டிக் கட்டை இன்றைய கட்டையோடும் 'டக்'கென்று சேருதே, அதுதான் பெரிசு! மோல்டின் துல்லியம் 0.01 மி.மீ. வரை. நம்ம வெர்னியரின் லீஸ்ட் கவுண்டே 0.02 தான். நாமோ அளவு தப்பினால், "ராவி விட்டாச் சரியாப்போயிரும்" என்கிறோம். நாளைக்குக் கணபதிப் பட்டறையில் மோல்டு வெட்டப் போறதும் நாமதானே? 0.01 காட்டும் மைக்ரோமீட்டர்களோ இங்கே பீரோவில் தங்கக் கட்டை மாதிரி பூட்டிக் கிடக்கின்றன. சார், அந்தச் சாவியைக் கொஞ்சம் குடுங்க!