நட்சத்திரம் சமைத்த இரும்பு!

தர்மபுரிப் பக்கம் ஒரு வீடு. தாய் அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்குகிறாள். மகள் அருகில் அமர்ந்து பாடம் படிக்கிறாள்.

"அம்மா, இந்த இரும்பு எங்கிருந்து வந்தது?" என்று மகள் கேட்டால் தாய் என்ன சொல்வாள்? "கடையிலிருந்து வந்தது" என்பாள்.

கடைக்கு எங்கிருந்து வந்தது? பூமியிலிருந்து. பூமிக்கு? வானத்திலிருந்து!

வான அடுப்பு

பிரபஞ்சம் தோன்றி சுமார் 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. முதலில் இரும்பு கிடையாது. ஹைட்ரஜன், ஹீலியம் என்ற லேசான வாயுக்களே நிறைந்திருந்தன. நட்சத்திரங்கள்தான் அடுப்பாக இருந்து அவற்றைக் கனமான பொருள்களாகச் சமைத்தன. நட்சத்திரங்கள் வெடித்தபோது இரும்பு எங்கும் சிதறியது.

கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு கேலக்ஸி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் கூடிய கூட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் பெர்சியஸ். அங்குள்ள கொதிக்கும் வாயுவில் இரும்பு இருப்பது 1976-ல் தெரிந்தது. அந்த இரும்பு எங்கும் ஒரே அளவாகப் பரவியிருப்பதை ஜப்பானின் சுசாகு செயற்கைக்கோள் காட்டியது. 2013-ல் அந்த முடிவு வெளியாயிற்று.

இதன் பொருள் என்ன? மாவு கரைக்கும்போதே உப்புப் போட்டால் எல்லா இட்லியிலும் ஒரே உப்பு இருக்கும். வெந்த பிறகு தூவினால் அப்படி இராது. ஆகவே, அந்தக் கூட்டம் உருவாகும் முன்பே, 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இரும்பு கலந்துவிட்டது!

தடுக்கப்பட்ட பெண்

நட்சத்திரங்களில் இப்பொருள்கள் உண்டாகும் விதத்தை 1957-ல் நால்வர் விளக்கினர். அவர்களில் முதல் பெயர் மார்கரெட் பர்பிட்ஜ் என்ற பெண்மணி. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வுக் கூடம் அந்நாளில் பெண்களை அனுமதிக்கவில்லை. கணவருக்கு இடம் கிடைத்தது. மனைவி அவருடைய உதவியாளர் என்ற பெயரில் உள்ளே போனார். ஆராய்ந்தார். வென்றார்.

பெற்றோர் கவனிக்க!

தர்மபுரியில் குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்திய செய்தி அடிக்கடி வருகிறது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் முடிப்பது சட்டப்படி குற்றம். அவள் அறிவுக்குப் போடும் பூட்டும் அதுதான்.

ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அது அதிக தூரத்தில் இல்லை. அங்கே ஆராய்ச்சி செய்ய தர்மபுரிப் பெண்ணும் போகலாம். முதலில் அவள் பள்ளிக்குப் போகவேண்டும்!

இது அதியமான் ஆண்ட தகடூர். அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல், கற்ற பெண்ணான ஔவைக்குக் கொடுத்தவன் அவன். அந்த மண்ணில் பெண்ணின் புத்தகத்தைப் பிடுங்கலாமா?