நம் பெயரில் வந்த கோப்பை

2019 மார்ச் மாதத்தில் இரண்டு பெனால்டிகள். முதலாவது பாரிஸில். மான்செஸ்டர் யுனைடெட்டின் ராஷ்ஃபோர்டு ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்து, பி.எஸ்.ஜி.யை சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றினார். சென்னையில் அப்போது அதிகாலை மூன்று மணி தாண்டியிருந்தது. வீட்டில் மற்றவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். கண் எரிய எரிய ஆபீசுக்குப் போய், அன்று முழுக்க அதையே பேசினோம்.

இரண்டாவது, இரண்டு நாள் கழித்து கோயம்புத்தூரில். மினர்வா பஞ்சாபிடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த சென்னை சிட்டி எஃப்.சி.க்கு பெத்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்து கொடுத்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. நம் ஊரின் பெயரைச் சுமந்த ஒரு கிளப் ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையைத் தவறவிட்ட ஈஸ்ட் பெங்காலின் ரசிகர்கள், 2004-க்குப் பிறகு தேசிய லீக் பட்டம் கிடைக்கவில்லையே என்று ஏங்கிக் கிடந்தவர்கள். இரண்டாம் இடத்துக்காகக் கொல்கத்தா நகரமே நொந்துபோனது. முதலிடம் வந்த செய்தி, சென்னையில் கால்பந்து ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் பலருக்கு மறுநாள் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

தெரிந்த பிறகும் என்ன செய்தோம்? ஒரு லைக் போட்டோம்.

அந்தக் கிளப் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் 1946-ல் தொடங்கி, சென்னை லீக்கில் ஆடி வளர்ந்தது. 2016-17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்தபோது அதன் சொந்த மைதானம் நேரு விளையாட்டரங்கம்தான். சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். போகவில்லை. அடுத்த சீசனில் அணி கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு நிர்வாகக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் நேரு அரங்கின் கேலரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தால் ஊர் மாறும் யோசனையே யாருக்கும் அவ்வளவு சுலபமாக வந்திருக்காது. வேறு ஊரின் பெயர் பொறித்த ஜெர்சிக்காகத் தொண்டை கிழியக் கத்திய கோவைக்காரர்கள் மீது இந்தக் குற்றச்சாட்டு கிடையாது. இது முழுக்க நம்முடையது.

அப்படியானால் நாம் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடும் சென்னையின் எஃப்.சி.யின் ஆட்கள் என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறோம். 2015 டிசம்பரில் ஊர் வெள்ளத்தில் மிதந்தபோது அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்து, கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழ, மெண்டோசாவின் காலால் 3-2 என்று கோப்பையை வாங்கியது அந்த அணி. வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்த நமக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது உண்மை. 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தியபோது நீல ஜெர்சி இல்லாத ரசிகர் இல்லை. சரி, அடுத்த சீசன்? 18 ஆட்டங்களில் 9 புள்ளி, கடைசி இடம். ஜெர்சி பீரோவுக்குள் போனது. தாளம் தப்பாமல் டிரம் அடித்த ரசிகர் குழுக்களான சூப்பர்மச்சான்ஸையும் பி ஸ்டாண்ட் ப்ளூஸையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் பாவம். மற்ற நாமெல்லாம் கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடும் விருந்தாளிகள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம் லட்சணம் புரிகிறது. அதே 2018-19 சீசனில் ஒரு சென்னை அணி கடைசி. இன்னொரு சென்னை அணி முதல். தோற்றதைக் காரணம் காட்டி ஒன்றைக் கைவிட்டோம். வென்றதை எட்டிக்கூடப் பார்க்காமல் மற்றதைக் கைவிட்டோம். ஆக, வெற்றி தோல்வி எல்லாம் நமக்கு ஒரு சாக்குதான்.

சாக்குகளில் மிகப் பழையது, 'தரம் இல்லை' என்பது. இந்திய ஆட்டம் மெதுவாக இருக்கிறது, பாஸ் சரியாகப் போவதில்லை, புல் சரியில்லை, வர்ணனை சகிக்கவில்லை. எல்லாம் நிஜம்தான். ஆனால் கொஞ்சம் யோசிப்போம். லிவர்பூலில் பிறந்தவன் லிவர்பூல் ரசிகனானது எல்லா லீக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தா? அந்த அணி இரண்டாம் டிவிஷனில் கிடந்த ஐம்பதுகளிலும் அவன் தாத்தா ஸ்டாண்டில் நின்றார். அப்பா கூட்டிப்போனார், இவன் போனான், அவ்வளவுதான். நாமோ அவர்கள் மூன்று தலைமுறையாக நின்று, நனைந்து, அழுது சேர்த்த பாசத்தை மாதச் சந்தாவில் வாங்கிக்கொண்டோம். அவர்களுடைய எதிரி நம் எதிரி, அவர்களுடைய பழைய தோல்வி நம் பழைய தோல்வி. 1989 ஹில்ஸ்பரோ துயரத்தைப் பற்றிக் கலங்கிப் பேசத் தெரிந்த நமக்கு, 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது அதில் ஆடிய அணிகளில் நம் இந்தியன் பேங்கும் ஒன்று என்பது தெரியாது. அந்த அணியில் ஆடி இந்தியாவுக்காகவும் கோல் போட்ட சபீர் பாஷா எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா?

ஐரோப்பிய அணியை நேசிப்பது தப்பில்லை. ராத்திரி முழித்திருப்பதும் தப்பில்லை. அந்த நேசம் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை, அதுதான் சிக்கல். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஓல்டு டிராஃபோர்டு நிரம்பும். நாம் போகாவிட்டால் நேரு அரங்கம் காலி. உள்ளூர் கிளப் நம்மிடம் கேட்டது வெயில் சாயும் நேரத்தில் இரண்டு மணி நேரமும், ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைந்த காசும்தான். நாம் அவசியப்பட்ட இடத்துக்கு மட்டும் சரியாகப் போகாமல் இருந்திருக்கிறோம்.

டி.வி.யில் காட்டவில்லை என்பது அடுத்த சாக்கு. 2018-19 சீசனில் ஐ-லீக் ஆட்டங்கள் பல ஒளிபரப்பாகாமல் போனது உண்மை. அதற்காக அப்போது நாம் போட்ட சண்டை என்ன? ஐ.பி.எல். சேனல் மாறினால் கேபிள்காரர் வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் நாம்.

நம் பையன்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் பேசிவிடலாம். நந்தகுமார் சேகர் வட சென்னைக் கால்பந்திலிருந்து வந்தவர். 2017-ல் சென்னை சிட்டிக்காக நேரு அரங்கில் ஆடியவர். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பாகனுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அவர் போட்ட ஒற்றை கோல், அந்த அணியின் நெடுநாள் டெர்பி தோல்விகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சால்ட் லேக்கில் பெரியவர்கள் அழுதார்கள். கொல்கத்தா அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. தன் சொந்த ஊரில் அவர் சைடுலைனில் ஓடிக்கொண்டிருந்தபோது நாம் எங்கே இருந்தோம்? வியாசர்பாடியை 'குட்டி பிரேசில்' என்று பெருமையாகச் சொல்கிறோம். உலகக் கோப்பை வந்தால் அங்கே போய்ச் சுவரோவியங்களோடு படம் எடுத்துக்கொள்கிறோம். அங்குள்ள பையன்கள் ஆடும் லீக் ஆட்டத்துக்கு மட்டும் வழி தெரியாது.

பெண்கள் விஷயத்தில் நம் கணக்கு இன்னும் மோசம். 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. ஆக அந்த ஆண்டு ஐ-லீக், மகளிர் லீக் இரண்டு பட்டங்களும் தமிழ்நாட்டில் இருந்தன. கால்பந்து வெறி பிடித்தவை என்று நாம் பொறாமைப்படும் வங்கமும் கேரளமும் கோவாவும் அந்த ஆண்டு நம்மைப் பார்த்து ஏங்கியிருக்க வேண்டும். நாமோ சி.எஸ்.கே. ஒரே ரன்னில் கோப்பையை விட்ட சோகத்திலிருந்து மீளவே இல்லை.

நம் கண்ணில் படாத சென்னை சிட்டி வெளியூர்க்காரன் கண்ணில் பட்டது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 2019-ல் அதன் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2020 ஜனவரியில் அணி ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவோடு மோதி 0-1 என்று தோற்றது. பிறகு கொரோனா. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்தில், பூட்டிய அரங்குகளில். அதற்கு அடுத்த ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஊர்வலம் இல்லை, மறியல் இல்லை, ஹேஷ்டேக் கூட இல்லை. காணாமல் போனதே பலருக்குத் தெரியாது.

2025-ல் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டபோது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பைத் திட்டித் தீர்த்தோம். திட்ட வேண்டியதுதான், அவர்கள் செய்த குளறுபடிக்கு அளவே இல்லை. ஆனால் ஸ்பான்சரைத் தேடுவது, ஒப்பந்தம் போடுவது, லைசென்ஸ் வாங்குவது எல்லாம் நம் கையில் இல்லாதவை. நம் கையில் இருந்த ஒரே வேலை கேலரியில் உட்காருவது. அதைத்தான் நாம் செய்யவில்லை.

சென்னையில் இன்றும் லீக் நடக்கிறது. இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ் போன்ற பெயர்கள் நம் அப்பாக்களுக்குத் தெரியும். இந்த சீசனில் ஏதாவது ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே போதுமான காரணம். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அணி தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கும் போங்கள்.