புகைபோக்கியும் கூட்டுறவுக் கடமையே

கடன் பதிவேட்டையும் சரக்கிருப்பையும் தணிக்கை செய்வதோடு நமது பணி நிறைவுறுவதாகக் கொள்ளலாகாது. அங்கத்தினரின் உடல்நலமே சங்கத்தின் முதல். அம்முதலை நாள்தோறும் அரித்துவரும் செலவு ஒன்று எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அதுவே அடுப்புப் புகை.

ரெட்டியார்பாளையத்தில் எரிவாயு இல்லாத வீடு ஏது என்று அன்பர் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் வெந்நீருக்கும், நெல் அவிப்பதற்கும், நூலுக்குச் சாயம் காய்ச்சுவதற்கும் விறகடுப்பு மூட்டப்படுவதைச் சுற்றுப்புறச் சங்கங்களைப் பார்வையிடுங்கால் நாம் காண்கிறோம். மழைக்காலத்தில் அவ்வடுப்பு தாழ்வாரத்துக்கு வந்துவிடுகிறது. தறியும் குழந்தையின் தூளியும் அங்கேயே உள.

நிலக்கரியும் நம் பகுதிக்குப் புதியதன்று. 1956 இல் நிறுவப்பெற்ற நெய்வேலி நிறுவனம், பழுப்பு நிலக்கரியைக் கரியாக்கி, 'லெக்கோ' என்னும் பெயரில் வீட்டடுப்புக்கெனப் பல்லாண்டு விற்று வந்தது. இன்று அவ்வுற்பத்தி இல்லை. புகை குறைவான கரி தீங்கற்றது என்னும் எண்ணம் மட்டும் நம்மிடையே எஞ்சியுள்ளது. அதுவும் பிழையே. மூடிய அறையில் எரியும் கரி, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவைக் கக்கும்.

புகைமிக்க நிலக்கரியின் கொடுமையைச் சீனத்து யுன்னான் மாகாணத்தின் சுவான்வெய் வட்டாரம் உலகுக்குக் காட்டியது. அங்குள்ள பெண்கள் புகைபிடிப்பதில்லை. எனினும் நுரையீரல் புற்றுநோயால் அவர்கள் மாண்ட விகிதம் அந்நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. புகைபோக்கியற்ற அடுப்பில் எரித்த நிலக்கரியே காரணம் எனக் கண்டனர். 1976 முதல் 1992 வரை இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட உழவர்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002 இல் வெளிவந்தது. புகைபோக்கியுள்ள அடுப்புக்கு மாறியோரிடம் இந்நோய் ஆண்களில் 41 விழுக்காடும் பெண்களில் 46 விழுக்காடும் குறைந்திருந்தது. அப்பயன் தெரிய ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின என்பதும் கருதத்தக்கது.

லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டில் எரியும் நிலக்கரியின் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என 2006 இல் முடிவு கண்டது. விறகுப் புகையை அது அடுத்த படியில், விளைக்கக்கூடியதாக வைத்துள்ளது. யாரையும் அச்சுறுத்த இதனைக் கூறினோமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கு முதற்காரணம் புகையிலையே. ஆனால் பீடியை விடுவது ஒருவர் கையில் உள்ளது. அடுப்படியில் நிற்பவர் மூச்சை நிறுத்திக்கொள்ள இயலுமா?

எரிவாயு உருளை இருந்தும் பலர் விறகுக்குத் திரும்புவது ஏன்? நெசவுக்கூலி தாமதமாகும் வாரத்தில் உருளை வாங்கப் பணம் இல்லை. இவ்விடத்தில் குற்றம் அடுப்பினுடையதன்று, சங்கத்தினுடையது.

ஆதலின் நிர்வாகக் குழுக்களுக்கு நமது யோசனை இதுவே: கூலியை உரிய நாளில் வழங்குக, உருளைக்கெனச் சிறு முன்பணம் அளிக்கும் துணைவிதி இயற்றுக, சாயம் காய்ச்ச, புகைபோக்கியுடன் பொதுக் கொட்டகை ஒன்று எழுப்புக. இவற்றைத் தீர்மானிக்கும் பொதுப் பேரவையில் அடுப்பு மூட்டும் பெண் அங்கத்தினர் முதலில் பேசட்டும். புகையை உண்பவர் அவரே.