எந்த உடலின் உயிர்த்தெழுதல்?

2025 ஜனவரி 7 ஆம் நாள், சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் மாவட்டத்தின் சிந்த்வாடா என்னும் சிற்றூரைச் சேர்ந்த போதகர் ஒருவர் இறந்தார். ஊர் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்ய ஊரார் இசையவில்லை; குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைப்பதற்கும் எதிர்ப்பு எழுந்தது. மகன் உயர் நீதிமன்றத்தை நாடினார், பயனில்லை. உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஜனவரி 27 அன்று இரு நீதிபதிகளும் வேறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். சொந்த விளைநிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார் நீதிபதி நாகரத்னா. அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் செய்ய வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. சடலம் மூன்று வாரங்களாகப் பிணவறையில் கிடந்ததால், வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்பாமல், 20 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கர்காபால் கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்யுமாறு ஆணையிடப்பட்டது.

கிறிஸ்தவ உலகம் இதைக் கண்டித்தது, கண்டித்தது சரியே. இறந்த மனிதனுக்கு ஆறடி நிலத்தை மறுப்பவர்கள் அவனது குடியுரிமையையே மறுக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்டனங்கள் எழுந்த நாட்டிலேயே, திருச்சபைகளின் சொந்தப் பொறுப்பிலுள்ள கல்லறைத் தோட்டங்களில் தலித் கிறிஸ்தவர்களுக்கு ஒரு மூலையும் மற்றவர்களுக்கு மறு மூலையும் இருப்பதைப் பற்றி எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கும் சுவர் ஊரறிந்த செய்தி. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களுள் கடவுள் மறுப்பாளர்களான பெரியார் இயக்கத்தினரும் இருந்தனர். உடல் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுவோர் கட்டிக்காக்கும் சுவரை, உயிர்த்தெழுதலை ஒரு பொருட்டாகவே கருதாதவர்கள் இடிக்க வந்தார்கள். இந்திய இறையியல் இந்த முரணைத் தன் முதற்பாடமாக எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

கிறிஸ்தவ விசுவாச அறிக்கை ஆன்மாவின் அழியாமையைப் பற்றிப் பேசவில்லை. அது பேசுவது உடலைப் பற்றி. தமிழ் மொழிபெயர்ப்புகளில் சபைக்குச் சபை சொல் மாறலாம்: சிலர் சரீரம் என்பர், சிலர் உடல் என்பர். ஆன்மா என்று யாரும் மாற்றியதில்லை. ஆன்மா அழியாதது என்னும் கொள்கை கிரேக்கத்தில் இருந்தது, இந்தியாவில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு காலியான கல்லறை தேவைப்பட்டிருக்காது. நற்செய்தி நூல்களில் உயிர்த்தெழுந்தவர் ஆணிக் காயங்களைக் காட்டுகிறார். எம்மாவூரில் அப்பத்தைப் பிட்கும்போதுதான் அடையாளம் காணப்படுகிறார். விடியற்காலையில் ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுச் சீடர்களைச் சாப்பிட அழைக்கிறார். கதையில் எங்கு திரும்பினாலும் தோல், புண், பசி, உணவு. காயங்கள் மறைக்கப்படவில்லை என்பது சிறு செய்தி அன்று. அரசும் சமயத் தலைமையும் சேர்ந்து இழிவுபடுத்திக் கொன்ற உடல் எதுவோ, அந்த உடலையே கடவுள் எழுப்பினார் என்பது அந்தச் சாட்சியின் உள்ளடக்கம். இந்தியாவில் இழிவுபடுத்தப்படும் உடல் எது என்று கேட்டால் பள்ளிக் குழந்தையும் விடை சொல்லும். தொடக்கூடாது என்று விலக்கப்பட்டது ஆன்மா இல்லை, உடல்.

இந்த நாட்டில் உயிர்த்தெழுதல் என்னும் கோட்பாடு ஆன்மாவின் மறுமைக்கான காப்பீடாகச் சுருக்கப்பட்டதற்குக் காரணம் இறையியல் அறியாமை என்று எண்ணுவது வெகுளித்தனம். அந்தச் சுருக்கம் வசதியாக இருந்தது. ஆன்மா உயிர்த்தெழும் என்றால் எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார், எந்தக் குவளையில் யார் குடிக்கிறார், யார் வீட்டில் யார் பெண் எடுக்கிறார் என்ற கேள்விகள் எழா. உடல் உயிர்த்தெழும் என்றால் அவை அனைத்தும் எழும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தை அதிகாரம் அதிகாரமாகத் துண்டித்துப் பிரசங்கிக்கும் வழக்கம் இங்கே பெரும் தீங்கு செய்திருக்கிறது. பதினைந்தாம் அதிகாரம் அடக்க ஆராதனைக்கு. பதினொன்றாம் அதிகாரம் திருவிருந்துக்கு. இரண்டும் ஒரே கடிதம், ஒரே சபைக்கு எழுதப்பட்டது என்பது மறந்துபோகிறது. கொரிந்துவில் வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டு குடித்தார்கள். இல்லாதோர் பசியோடு நின்றார்கள். பந்தியைப் பிரித்த அதே சபையில்தான் இறந்தோர் உயிர்த்தெழுவதில்லை என்று சொல்வோரும் இருந்தனர். இரண்டையும் தற்செயல் என்று ஒதுக்க முடியுமா? அடுத்தவன் உடலின் பசியைப் பொருட்படுத்தாதவனுக்கு, அந்த உடலுக்கு நித்தியத்தில் இடமுண்டு என்பதும் தேவையற்ற செய்தியாகவே படும்.

இந்திய வரலாற்றில் இந்தக் கடிதத்தின் இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தவர்கள் இல்லாமல் இல்லை. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833 இல் தென்னிந்தியச் சபைகளுக்கு விடுத்த சுற்றுமடல், சாதியைத் தயக்கமின்றி, உடனே, முழுமையாக விட்டொழிக்கக் கட்டளையிட்டது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள், சாதியை விடவில்லை. வில்சனின் பார்வையில் காலனிய மேட்டிமை கலந்திருந்தது உண்மை. ஆயினும் எதிர்ப்பாளர்கள் காத்த பொருள் என்ன என்பதை இன்றைய பின்காலனிய ஆய்வுகள் சற்று மென்மையாகவே சொல்லிக் கடந்துவிடுகின்றன. பண்பாடு என்னும் சொல் அங்கே நிறையச் சுமை சுமக்கிறது.

வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் இன்னும் வெளிப்படையான சான்று. பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. கவடு பிரிந்த காற்சட்டை போன்ற அந்தக் கட்டடத்தை வரைந்தவர்கள் பொறியியல் பிழை எதுவும் செய்யவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிவினைச் சுவர் அகற்றப்பட்டபோது உயர்சாதியினர் நீதிமன்றம் சென்றார்கள். 1917 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிய உரிமையை ஏற்கவில்லை. கேரளத்தில் பொய்கையில் யோகன்னான் மார்த்தோமா சபையிலும் பிற சபைகளிலும் சாதியைக் கண்டு வெளியேறி, 1909 இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தோற்றுவித்தார். பிரத்யட்சம் என்றால் கண்முன் காண்பது. மறுமையில் கிடைக்கும் என்று சொல்லி இம்மையில் மறுக்கப்படும் மீட்பு மீட்பே இல்லை என்னும் வாதம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. எந்த இறையியல் கல்லூரியிலும் படிக்காத, புலையராகக் கருதி ஒதுக்கப்பட்டோரிடையே பணிசெய்த மனிதர் கண்ட இந்த உண்மைக்கு ஐரோப்பிய இறையியல் தன் நம்பிக்கை நூல்களோடு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இனி, சுவரைக் காப்போர் முன்வைக்கும் வாதங்கள். நிலத்தைக் கொடுத்தது எங்கள் சாதி முன்னோர்; ஆகவே அது குடும்பக் கல்லறை என்பது ஒன்று. கொடுத்தது திருச்சபைக்கா, சாதிக்கா என்று கேட்டால் பதில் வராது. மற்றது பார்வைக்கு ஆழமானது: எங்கே புதைத்தாலும் கடவுள் எழுப்புவார், கடலில் மூழ்கினோரும் எரியுண்டோரும்கூட எழுவார்கள், ஆகவே கல்லறையின் இடம் ஒரு பொருட்டன்று. உண்மைதான். கத்தோலிக்கத் திருச்சபையே 1963 இல் தகனத்துக்கு இசைவு தந்துவிட்டது. ஆனால் இடம் பொருட்டில்லை என்றால் சுவர் மட்டும் ஏன் பொருட்டாகிறது? அதை இடிக்கச் சொன்னால் ஏன் ஊரே கொதிக்கிறது? இடம் மிகவும் முக்கியம் என்று நம்புவோர்தான் சுவர் கட்டுகிறார்கள். அவர்கள் நம்பாதது வேறு: எக்காளம் முழங்கும் அந்த நாளில் பக்கத்துக் குழியிலிருந்து யார் எழுந்து நிற்பார் என்பதை.

கல்லறையைக் குறிக்கத் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு உறங்கும் இடம் என்று பொருள். வாழும்போது ஒரே கூரையின் கீழ் உறங்க வைக்காத சமூகம் இறந்த பிறகும் வைக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

அரசியல் சட்டத்தின் முன் இந்த முரண் இன்னும் கூர்மையடைகிறது. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஆதி திராவிடக் கிறிஸ்தவர் ஒருவர் தொடுத்த சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு இன்னல் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வேண்டும் என்று 1985 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று 2007 இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. 2022 இல் மீண்டும் ஓர் ஆணையம், கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. தண்ணீர் தெளித்ததும் ஊர் ஒருவனை வேறு கண்ணால் பார்த்துவிடுவதில்லை. ஆயினும் திருச்சபைகள் அரசின் முன் வைக்கும் சான்றுகளுள் வலுவானது எது? அவற்றின் சொந்தக் கல்லறைச் சுவர். சாதி எங்களுக்குள் வாழ்கிறது என்று டெல்லியில் மனுக்கொடுத்துவிட்டு, கிறிஸ்துவுக்குள் சாதியில்லை என்று ஊரில் பிரசங்கிப்பது எந்த நாவால் இயலும்? கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் தீண்டாமை உள்ளே இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022 இல் தலித் ஒருவர் முதன்முறையாகக் கர்தினால் ஆனார். நல்ல செய்திகள். இவற்றால் எந்த மேட்டின் மண்ணும் அசையவில்லை.

கல்லறை ஒரு முனைதான். மறுமுனை திங்கட்கிழமை காலை. கழிவுநீர்க் குழிகளில் இறங்கி இறப்போரின் குடும்பங்களுக்கு வழங்கும் இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மனிதக் கழிவகற்றும் வேலைக்குத் தடைவிதிக்கும் சட்டம் வந்தது 2013 இல். பத்தாண்டுகள் கழித்தும் நீதிமன்றம் சாவின் விலையைப் பேசிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவமனைகளும் கல்லூரிகளும் தங்கள் கழிவுத்தொட்டிகளைச் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரரை அழைக்கும்போது யார் இறங்குகிறார், என்ன கருவியோடு இறங்குகிறார் என்று கேட்பது உயிர்த்தெழுதல் பற்றிய கேள்வி. நிருவாகக் குழுவுக்கு அது பராமரிப்புச் செலவு பற்றிய கேள்வியாகத் தெரிந்தால், உயிர்ப்பு ஞாயிறன்று நான்கு மணிக்கே எழுந்து பாடிய பாட்டு பாட்டாக மட்டுமே நின்றுவிட்டது.

இதை வாழ்ந்து காட்ட முடியாது என்பாருக்கு மறுப்பு இந்த நாட்டிலேயே உண்டு. கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி இராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் இந்தூர்ப் பகுதியில் நிலமற்ற உழைப்பாளரை ஒன்றுதிரட்டி வட்டிக்காரர்களின் பிடியை எதிர்த்தார். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் கூலிக் கொலையாளி ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். 2002 இல் அவருடைய தங்கை, அருட்சகோதரி செல்மி பால், சிறைக்குச் சென்று அந்தக் கொலையாளியின் கையில் இராக்கி கட்டித் தம்பி என்றழைத்தார். தாயும் அவரை மன்னித்தார். 2017 இல் இராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார். இந்த நிகழ்வை மன்னிப்பின் மாண்பாக மட்டும் சொல்லி முடிப்பது மறைபரப்பு இதழ்களின் வழக்கம். கொலை செய்தவனின் கையைத் தொட்டார்கள் என்பது ஒரு பாதி. கொலைக்குக் காரணமான வட்டியையும் நிலப்பறிப்பையும் இராணி மரியா தொட்டார் என்பது மறுபாதி. மறுபாதியை விட்டால் முதற்பாதி வெறும் கண்ணீர்க் கதை. மன்னிப்பை ஒடுக்கப்பட்டவனிடம் மட்டும் கேட்டு, சுவரை அப்படியே வைத்திருக்கும் திருச்சபைகளுக்கு அந்தப் பாதிக் கதை மிகவும் பிடிக்கும்.

ஆய்வாளர்களிடையே வேறொரு தப்பித்தல் உண்டு. உயிர்த்தெழுதல் ஓர் உருவகம், விடுதலையின் குறியீடு என்று சொல்லி அதன் உடல்தன்மையைக் கரைத்துவிடுவது. முற்போக்காகத் தோன்றும் இந்த வாசிப்பும் சுவரைக் காப்போரின் ஆன்மிக வாசிப்பும் சேருமிடம் ஒன்றே: இரண்டிலும் உடல் காணாமற்போகிறது. உருவகத்துக்குக் குழி தோண்டத் தேவையில்லை. பஸ்தரில் அந்த மகன் மூன்று வாரம் சுமந்தது உருவகத்தையா?

தலித் இறையியல் 1980களில் பெங்களூரில் அரவிந்த் நிர்மலின் உரையோடு கல்விப்புலத்துக்குள் வந்தது. நாற்பது ஆண்டுகளில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அலமாரிகளை நிரப்பிவிட்டன. கள ஆய்வுக்கு இன்னும் தொடப்படாத ஒரு பொருள் கிடக்கிறது: மறைமாவட்டம் மறைமாவட்டமாக, எந்தக் கல்லறைத் தோட்டம் பிரிந்திருக்கிறது, எப்போது பிரிந்தது, யார் ஆணையால் பிரிந்தது என்னும் முழுப் பட்டியல். அதற்கு வெளிநாட்டு நிதியுதவி தேவையில்லை. கத்தோலிக்கப் பங்குகள் இறந்தோர் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சீர்திருத்தச் சபைகளிலும் அடக்கப் பதிவேடு உண்டு. வரும் நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் சாமந்தி மாலையுமாக மக்கள் வருவதற்கு முன்பே, ஆயர்கள் அந்தப் பதிவேடுகளைத் திறந்து படிக்கட்டும். இறையியல் மாணவர்களையும் படிக்க விடட்டும்.